டெல்டாவில் முதல் போல்ட் ரைஃபிள்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் தாத்தா காலத்துப் பன்னிரண்டு போர் (சிதறு குண்டுத் துப்பாக்கி), ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். சில வீடுகளில் .315 அங்குலக் குழல் அளவுள்ள போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிள். தாத்தா காலமான பிறகு அதை என்ன செய்வது என்று கேட்கும் பேரன்கள் ஒரு பக்கம். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து குறி சுடக் கற்றுக்கொண்டு சொந்தமாக ஒன்று வாங்க ஆசைப்படும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் ஒரே சந்தேகம்தான்: விலை குறைந்த ரைஃபிளை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். வைத்திருப்பவர்கள் பலரிடம் கேட்டும், கையில் எடுத்துப் பார்த்தும் நான் சொல்வது இது. மலிவான போல்ட் ரைஃபிள் பழுதாவதற்கு அதன் விலை காரணமாக இருப்பது அரிது. வாங்கும்போது சோதிக்காமல் விட்டதும், நம் ஊர் ஈரத்தில் துடைக்காமல் வைத்ததும்தான் காரணமாக இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் எந்த மாடல் சிறந்தது என்ற பேச்சு கொஞ்சம்தான். சோதனையும் பராமரிப்பும்தான் அதிகம்.

முதலில், எதற்காக வாங்குகிறீர்கள்?

வேட்டைக்கு என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் இப்போது பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. கோடியக்கரை வெளிமானுக்கு மட்டுமல்ல, வயலில் இறங்கும் கொக்கு, மடையான், நாரைக்கும் அந்தச் சட்டம்தான் காவல். சம்பாவை நாசம் செய்கிறது என்று மயிலைச் சுட்டாலும் ஜெயில்தான். கொள்ளிடக் கரை ஊர்களில் பன்றித் தொல்லை தாங்கவில்லை என்பது உண்மை. அந்த விவசாயிகளின் நஷ்டம் சின்ன நஷ்டமல்ல. ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டின்படியும், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்களின் வேலை. வயல்காரர் தாமே சுட முடியாது. பயிர்ச் சேதம் என்றால் வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

அப்படியானால் வேட்டை ரைஃபிள் என்ற பெயரில் விற்பதை வாங்கி என்ன செய்வது? குறி சுடலாம், தற்காப்புக்கு வைத்துக்கொள்ளலாம், குடும்பச் சொத்தாகக் காப்பாற்றலாம். குறி சுடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் .177 ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட .177க்கு லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார், அவ்வளவுதான். மூச்சைப் பிடிப்பது, ட்ரிகரை நசுக்கி இழுப்பது, சுட்ட பிறகும் குறியை விடாமல் இருப்பது எல்லாமே அதில் படியும். அதைக் கொண்டு மைனாவையோ புறாவையோ குறிபார்க்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். ஏர் கன் என்பதால் சட்டம் விட்டுவிடாது.

லைசென்ஸ்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், கமிஷனர் இருக்கும் மாநகரத்தில் கமிஷனர்தான் லைசென்ஸ் அதிகாரி. படிவம் ஏ-1இல் விண்ணப்பம், உடல்நலம் மற்றும் மனநலம் குறித்த மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பாதுகாப்பாக வைக்க இடம் உண்டு என்ற உறுதி. பிறகு போலீஸ் விசாரணை நடக்கும். காரணம் எழுதும் இடத்தில் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். கிளப் உறுப்பினர் என்றால் அட்டையின் நகலை இணையுங்கள். தற்காப்பு என்றால் என்ன அபாயம், எந்த இடத்தில் என்று தெளிவாக எழுதுங்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இன்னொன்றையும் அந்தத் திருத்தம் கொண்டுவந்தது: கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன தோட்டா கீழே வந்துதான் ஆகும்.

தாத்தாவின் துப்பாக்கி என்றால் வழி வேறு. அவர் இறந்ததும் அது யாருடைய பெயரிலும் இல்லாத ஆயுதம். பீரோவில் இருக்கட்டும், காரியம் முடிந்து பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதுதான் பல குடும்பங்களைச் சிக்கலில் விட்டது. உடனே போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவற்றோடு உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் விதியில் இடம் உண்டு: அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம். முடிந்தால் இந்த வழியில் போங்கள். பெரியவரே அலுவலகம் வந்து கையெழுத்துப் போட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

என்ன கிடைக்கும்?

சாதாரண லைசென்ஸ்காரருக்கு நம் நாட்டில் புதிதாகக் கிடைக்கும் போல்ட் ரைஃபிள்களில் பெயர்பெற்றது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315. மேற்கு வங்கத்தில் உள்ள அந்தத் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தில்தான். .315இன் உடம்பு பழைய லீ-என்ஃபீல்ட் ராணுவ ரைஃபிளின் வழி. தோட்டாவோ ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் வழி வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடுத்ததால், அதற்கு மாற்றாக இங்கே வேரூன்றியது இது. 244 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடையுள்ள கனமான, மெதுவாகப் போகும் குண்டு. தூரக் குறிக்கு ஏற்றதல்ல.

கிளப்பில் குறி சுடத்தான் என்றால் .315 வேண்டாம், .22 போல்ட் ரைஃபிள் பாருங்கள். தோட்டா மலிவு, உதை இல்லை, 50 மீட்டர் ரேஞ்ச் போதும். என்னைக் கேட்டால் புதியவர் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இதுதான் சரி.

பழைய ரைஃபிளைக் கையில் எடுத்தால்

குழலின் வாய்ப்பக்கத்தை யாரும் இல்லாத திசையில் பிடியுங்கள். மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றுங்கள், போல்ட்டைத் திறவுங்கள், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். விற்பவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும் இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

இனி போல்ட். மன்னார்குடிப் பக்கம் துப்பாக்கி பழுதுபார்த்த பெரியவர் ஒருவர், யார் ரைஃபிள் கொண்டுவந்தாலும் சொல்லும் முதல் வாக்கியம்: “தம்பி, போல்ட்டைக் கழட்டி நம்பரைப் பாரு.” போல்ட் கைப்பிடியின் அடியில் ஒரு எண் வெட்டியிருக்கும், போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரிலும் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், லைசென்ஸில் உள்ள எண்ணோடும் பொருந்த வேண்டும். வேறு ரைஃபிளின் போல்ட் செருகப்பட்டிருந்தால், அது வழுக்கிக்கொண்டு மூடினாலும், தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறியிருக்கலாம். அந்த இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பாகம் தனியாகப் பிய்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்த ரைஃபிளில் சுட்ட காலிக் கூடு ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். அடிவிளிம்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு மெல்லிய வளையம் தெரிந்தால் பித்தளை அங்கே இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடிப்பாகத்தின் நடுவில் உள்ள பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட ரைஃபிளை அளவுக்கருவி வைத்திருக்கும் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்த்துச் சொல்லும் வரை சுடக் கூடாது, விலை பேசவும் கூடாது.

போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போது கடைசி ஓர் அங்குலத்தில் கனமாக இருக்கும். புதியவர்கள் இதைப் பழுது என்று நினைத்து எண்ணெய்மேல் எண்ணெய் விடுகிறார்கள். இந்த வகையில் ஸ்பிரிங் மூடும்போதுதான் அமுங்குகிறது. அந்தக் கனம் இயல்பு.

பேரலை, அதாவது குழலைப் பார்க்க, போல்ட்டைக் கழற்றிவிட்டு வாய்ப்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை வெளிச்சம் படும்படி வையுங்கள். பின்பக்கம் கண்ணை வைத்தால் உள்ளே உள்ள சுழல்கோடுகள் விளிம்பு மழுங்காமல் தெரிய வேண்டும். நடுவில் எங்காவது ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால், எப்போதோ அடைப்போடு சுட்டுப் பேரல் வீங்கியிருக்கிறது. அதை வாங்க வேண்டாம். லேசான சொரசொரப்பு பரவாயில்லை, சுத்தம் செய்ய நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். வாய் விளிம்பை நகத்தால் தடவுங்கள். பழைய ரைஃபிள்களைக் கயிறு விட்டு இழுத்துச் சுத்தம் செய்வார்கள். கயிறு எப்போதும் ஒரே பக்கம் உரசினால் அங்கே வழித்தடம் விழும், குறி ஒரு பக்கமாக இழுக்கும்.

கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று ட்ரிகருக்கு மேலேயும், போல்ட்டுக்குப் பின்னாலும் பாருங்கள். லீ-என்ஃபீல்ட் வழி வந்தவற்றில் பின்கட்டையை நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள். முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையின் திருகாணியைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துபோகலாம்.

தோட்டாவை அடுக்குவது

“மலிவு ரைஃபிள், தோட்டா சிக்குகிறது” என்ற புகார்தான் .315காரர்களிடம் அதிகம். பெரும்பாலும் ரைஃபிளின் மேல் குற்றமில்லை. இந்தத் தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்து நிற்கும். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது கீழே உள்ளதையும் சேர்த்து இழுத்து இறுகிவிடும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் மேகசின் உதடு வளையும். ஒவ்வொரு தோட்டாவாக முன்பக்கம் சாய்த்துச் செருகி, செருகியதும் அடுத்ததை அதற்கு முன்னால் படியவையுங்கள். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். பழகுவதற்கு மருந்தில்லாத டம்மித் தோட்டா பயன்படுத்துங்கள், வீட்டுக்குள் உண்மைத் தோட்டாவை வைத்து ஒருபோதும் வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் போய் டெக்சாஸ் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகள் சிலர் அங்கே பன்றி வேட்டைக்குப் போகிறார்கள். அங்கே அது சட்டப்படி நடப்பது. 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை லைசென்ஸ்கூடக் கேட்பதில்லை. ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் ஒன்று. ஆகவே பன்றிக்குத் தேவையில்லை என்றாலும் விசாக்காரருக்கு அந்த லைசென்ஸ் அவசியம். நண்பரின் ரைஃபிளைக் கையில் வாங்கும் முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட் என்று அங்கே குறைந்த விலையில் பல உண்டு. விலை எப்படிக் குறைகிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். பிளாஸ்டிக் கட்டையை அச்சில் ஊற்றுகிறார்கள். சிலவற்றில் பேரலை ரிசீவரில் முறுக்கி ஒரு பெரிய நட்டால் இறுக்குகிறார்கள். அதனால் போல்ட் இடைவெளியைச் சரிசெய்யும் நுண்வேலை சீக்கிரம் முடிகிறது. மெருகும் அழகும் குறைகின்றன, பேரலின் துல்லியம் குறைவதில்லை. விலை கூடிய ரைஃபிளுக்குச் சமமாக இவை குறி அடிப்பதற்குக் காரணம் அதுதான்.

குறை வரும் இடங்களும் தெரிந்தவையே. முன்கட்டை மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் எதன்மேலாவது சாய்த்து அழுத்தினால் வளைந்து பேரலைத் தொடும், குறி மாறும். ஒரு ரூபாய்த் தாளைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும். பிறகு ரைஃபிளைத் தாங்கியில் வைத்துக் கையால் அழுத்தியபடி மறுபடியும் இழுங்கள். இரண்டாவது முறை சிக்கினால், நீங்கள் கட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். அடுத்தது ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. ரைஃபிளோடு சேர்த்துத் தரும் ஸ்கோப்பை விட, அதைப் பிடித்திருக்கும் திருகாணிகள்தான் அதிகம் ஏமாற்றும். நாலு குண்டு நாலு திசையில் போனால் ரைஃபிளைத் திட்டும் முன் திருகாணிகளைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, அளவாக இறுக்கிப் பாருங்கள். எடை குறைந்த ரைஃபிள் என்பதால் உதை அதிகம். தோள் வலிக்கு பயந்து கண்ணை மூடிச் சுடுகிறவர்கள் சின்னத் தோட்டாவுக்கு மாறுவது நல்லது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஊருக்கு வரும்போது அந்த ரைஃபிளைக் கொண்டுவரும் நினைப்பு வேண்டாம், இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையானது. வேட்டைக்கு எடுத்துப்போன பையை விமானத்துக்குக் கொண்டுவரவும் வேண்டாம். ஒரு தோட்டா பைமடிப்பில் கிடந்தாலும் விமான நிலையத்தில் வழக்குப் பதிவார்கள்.

ரேஞ்சில்

திருச்சி கே.கே. நகரில் 2021 டிசம்பரில் ரைஃபிள் கிளப் திறந்த பிறகு டெல்டாக்காரர்களுக்கு வழி சுலபமாகிவிட்டது. நடிகர் அஜித் 2022இல் மாநிலப் போட்டியில் சுட்டது அங்கேதான். எந்தக் கிளப் என்றாலும் சேரும் முன் உங்கள் ரைஃபிளின் போரை, அதாவது குழல் அளவைச் சொல்லிக் கேளுங்கள். 10, 25, 50 மீட்டர் ரேஞ்சுகள் ஏர் ரைஃபிளுக்கும் .22க்கும் அமைந்தவை; .315ஐ எல்லா இடத்திலும் அனுமதிக்க மாட்டார்கள். சொந்த வயல்தானே, அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கிறதே என்று அங்கே போய்ச் சுட வேண்டாம். நம் ஊர் தரை சமதளம். குண்டைத் தடுக்க மேடு கிடையாது, வரப்பைத் தாண்டினால் அடுத்த தெரு.

குறியைச் சரிபார்க்கும்போது ஒரு குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே இடத்தைக் குறிவைத்து மூன்று சுடுங்கள், மூன்றும் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள், பிறகு சைட்டை (குறிபார்க்கும் முள்ளை) நகர்த்துங்கள்.

மழைக்காலம்

டெல்டாவில் ரைஃபிளைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகைதான். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் என்றால் உப்புக்காற்றும் சேரும், அங்கே வருடம் முழுக்க மழைக்காலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் போட்டு வைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். தோல் உறையும் கேன்வாஸ் உறையும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். எடுத்துப்போகத்தான் உறை. வீட்டில் துணி சுற்றாமல், பூட்டிய இரும்பு பீரோவில், சுவரைத் தொடாமல் நிறுத்துங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். வெள்ளம் புகும் வீடு என்றால் மாடிக்கு. சிலிகா ஜெல் பொட்டலங்கள் வையுங்கள், மாதம் ஒருமுறை வெயிலிலோ சூட்டிலோ காயவைத்துத் திரும்ப வையுங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். போட்ட அன்று மினுமினுக்கும். மார்கழிக் குளிரில் உறைந்து, பிறகு பிசினாகி, போல்ட்டுக்குள் பிரைமரை அடிக்கும் ஊசி நகரவே தயங்கும். துப்பாக்கிக்கான எண்ணெய் வாங்குங்கள், மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். விரல் பட்ட இடமெல்லாம் வியர்வை உப்பு இருக்கும், அதனால் எடுத்துக் காட்டிய ஒவ்வொரு முறையும் துடைத்த பிறகே உள்ளே வையுங்கள். பழைய தோட்டா சிலவற்றின் பிரைமரில் உள்ள ரசாயனம் பேரலுக்குள் உப்பாகப் படியும். அந்த உப்பை எண்ணெய் கரைக்காது. சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அப்புறம் எண்ணெய்.

மரக்கட்டை ஈரத்தில் உப்பும், பேரலை அழுத்தும். மழைக்கு முன் சரியாக இருந்த குறி தை மாதத்தில் விலகியிருந்தால் சைட்டைத் திருகும் முன் கட்டை உலரக் கொஞ்சநாள் விடுங்கள்.

குளவியை மறக்காதீர்கள். பேரல் வாய் அளவுள்ள ஓட்டை அதற்குப் பிடித்த இடம். சில நாளில் உள்ளே மண்ணைப் பூசி அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அந்த அடைப்போடு சுட்டால் பேரல் வெடிக்கும். பீரோவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேர்தல் வந்தால்

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கே இருக்கும், அங்கே யாரும் எண்ணெய் போடப் போவதில்லை. முந்தின நாளே பேரலுக்கு உள்ளும் வெளியும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் தடவுங்கள். நாலு பக்கமும், போல்ட் எண் தெரியும்படியும் செல்போனில் படம் எடுங்கள். ரசீதில் ரைஃபிள் எண், மேகசின் உண்டு என்ற குறிப்பு இரண்டும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். திரும்ப வாங்கும்போது எண்ணை ரசீதோடு ஒப்பிட்டு, போல்ட் உங்களுடையதுதானா என்று பார்த்து, பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தடவி வையுங்கள்.